லோட்டஸ் 23, இரண்டு வெபர்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

காரோடு ஒரு பிஸ்கட் டப்பாவும் வந்து இறங்கியது. திறந்தால் உள்ளே முழுக்கக் கார்புரேட்டரின் பித்தளை ஜெட்டுகள், பெட்ரோலை அளந்து விடும் ஓட்டைத் திருகுகள். எண்ணிப் பார்த்தேன், 42. ஒவ்வொன்றின் தலையிலும் பொடிப்பொடியாக 110, 115, 120, 125, 130 என்று எண். வண்டி 1960-களின் இங்கிலாந்துப் பந்தயக் கார், லோட்டஸ் 23பி. 6000 ஆர்.பி.எம். பக்கம் போனால் மூச்சு முட்டுகிறது என்பது புகார். மூன்று வருடமாக முட்டியிருக்கிறது. முட்டிய போதெல்லாம் முன்பு பார்த்த மெக்கானிக் ஒரு செட் ஜெட்டை மாற்றியிருக்கிறார். கோளாறு ஜெட்டில் இல்லை. எங்கே இருந்தது என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

வண்டியைப் பற்றி நாலு வார்த்தை. காலின் சாப்மனின் லோட்டஸ் கம்பெனி இந்த வகையில் செய்ததே 130 கார் அளவுக்குத்தான். குழாய்களை ஒட்டிய சட்டம், ஃபைபர் கிளாஸ் உடம்பு, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் எஞ்சின். 1962 மே மாதம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் 1000 கிலோமீட்டர் பந்தயத்தில், ஈரமான தடத்தில், ஜிம் கிளார்க் இந்தப் பொடி வண்டியை வைத்துக்கொண்டு பெரிய ஃபெராரிகளையும் போர்ஷேகளையும் முதல் சுற்றிலேயே 27 நொடி பின்னால் விட்டார். அப்புறம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விட்டு, புகை உள்ளே வந்து, கிறங்கிப்போய்த் தடத்தை விட்டு இறங்கினார். கதவைத் திறந்து வைத்துவிட்டு ட்யூனிங் செய்யுங்கள் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

23-இல் பல எஞ்சின்கள் ஓடியிருக்கின்றன. நான் சொல்வது ஃபோர்டு பிளாக்கின் மேல் லோட்டஸின் ட்வின் கேம் ஹெட் உட்கார்ந்த எஞ்சினைப் பற்றி, அதன் பக்கவாட்டில் படுத்திருக்கும் இரண்டு வெபர் 40 டி.சி.ஓ.ஈ. கார்புரேட்டர்களைப் பற்றி. இதே ஜோடிதான் லோட்டஸ் எலானிலும் லோட்டஸ் கார்ட்டினாவிலும் இருப்பது. அதனால் பெரும்பாலானவை அவற்றுக்கும் பொருந்தும்.

தொடுவதற்கு முன்

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் கோவையில் அம்பாசடரும் ஃபியட்டும் பார்த்த மேஸ்திரி. வெபரை அவர் கண்ணால் கண்டதே இல்லை. ஆனாலும் இங்கிலாந்தில் இந்தப் பட்டறையில் ஒவ்வொரு முறை பின் மூடியைத் தூக்கும்போதும் அவர் குரல்தான் கேட்கும்: “மொதல்ல கரண்ட்டப் பாரு தம்பி. கார்புரேட்டர் எங்கயும் ஓடிப்போயிடாது.”

பாயின்ட் இடைவெளி, ஸ்ட்ரோப் லைட் வைத்து டைமிங், ப்ளக், ப்ளக் வயர், நான்கு சிலிண்டரின் கம்ப்ரெஷன், வால்வு க்ளியரன்ஸ். இவை சரியாக இல்லாமல் கார்புரேட்டரில் கை வைத்தால் சரியாக இருந்ததையும் கெடுத்துவிட்டு வருவோம். தேய்ந்த பாயின்ட் மேல் வேகத்தில் கொடுக்கும் மிஸ்ஸிங்கும், மெயின் ஜெட் போதாமல் வரும் மிஸ்ஸிங்கும் காதுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். படுத்திருக்கும் கார்புரேட்டர் பின்னால் துப்பினால், காற்று இழுக்கும் வாய்க் குழாயான ட்ரம்பெட் வழியாக நெருப்பு வெளியே எட்டிப் பார்க்கும்.

அடுத்து, இரண்டின் மேலும் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். 40 என்பது த்ராட்டில் துவாரத்தின் விட்டம், மில்லிமீட்டரில். டி.சி.ஓ.ஈ.க்குப் பின்னால் வரும் எண்தான் முக்கியம். எங்களிடம் வந்த ஒரு ஜோடியில் ஒன்று 18, மற்றது 2. வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஆனால் அந்த எண் மாறினால் உள்ளே ப்ரொக்ரெஷன் ஓட்டைகளின் (ஐடிலிங்கிலிருந்து த்ராட்டில் மெல்லத் திறக்கும்போது பெட்ரோல் விடும் பொடி ஓட்டைகள்) எண்ணிக்கையோ இடமோ மாறலாம். அப்படிப்பட்ட ஜோடியை எந்த ஜெட்டாலும் ஒத்துப்பாட வைக்க முடியாது. பழைய வண்டிகளில் எங்கோ ஒரு சந்தையில் வாங்கிய ஒற்றைக் கார்புரேட்டர் நுழைந்துவிடுவது அடிக்கடி நடப்பதுதான்.

எத்தனை சிலிண்டர் படுத்திருக்கிறது?

சொல்லப்போனால் இவை இரண்டு கார்புரேட்டர் அல்ல, நான்கு. ஒவ்வொரு உடம்பிலும் இரண்டு துவாரம். ஒவ்வொரு துவாரமும் ஒரே ஒரு சிலிண்டருக்கு மட்டும் தீனி போடுகிறது. முன்னால் இருப்பது 1, 2. பின்னால் இருப்பது 3, 4. ஒவ்வொரு துவாரத்துக்கும் தனி ஐடில் ஜெட் (குறைந்த வேகத்துக்கு), தனி மெயின் ஜெட் (மேல் வேகத்துக்கு), தனி பம்ப் ஜெட் (சட்டென்று மிதிக்கும்போது பீச்ச), தனி மிக்ஸ்சர் ஸ்க்ரூ (ஐடிலிங் கலவைக்கு). மிதவை வைத்துப் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட் அறை மட்டும் ஒரு உடம்புக்கு ஒன்று.

இதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு சிலிண்டர் மட்டும் படுத்தால், அதாவது வேலை செய்யாமல் நின்றால், அந்தத் துவாரத்தின் ஜெட், இல்லாவிட்டால் ப்ளக். 1-2 சேர்ந்தோ 3-4 சேர்ந்தோ படுத்தால் அந்த உடம்பின் ஃப்ளோட் அறை, பெட்ரோல் வரவை மூடும் நீடில், வலை ஃபில்டர். நான்கும் படுத்தால் கார்புரேட்டரை விட்டுவிட்டு டேங்க், பம்ப், இக்னிஷன் பக்கம் போங்கள்.

எது படுத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க எங்கள் பட்டறையில் வெப்பமானி இருக்கிறது. ஆனாலும் நான் செய்வது தோசைக்கல் சோதனைதான். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் ஓடவிட்டு, நான்கு எக்ஸாஸ்ட் குழாயிலும் விரலால் தண்ணீர் தெளிப்பேன். சுர்ரென்று ஓடி மறைந்தால் வேலை செய்கிறது. சும்மா வழிந்து இறங்கினால் அதுதான்.

“ஸ்டார்ட் ஆகவில்லை, கீழே பெட்ரோல் சொட்டுகிறது”

முதலில் பம்ப் அழுத்தம். பின்னாளில் யாரோ மாட்டிய எலக்ட்ரிக் பம்ப் 5, 6 பி.எஸ்.ஐ. தள்ளும். இந்த நீடிலுக்கு அது தாங்காது. 3 பி.எஸ்.ஐ. பக்கத்தில் வையுங்கள். 3.5-ஐத் தாண்டவிடாதீர்கள். ரெகுலேட்டரின் டயலை நம்பாமல் தனியாக ஒரு கேஜை மாட்டிப் பாருங்கள்.

அழுத்தம் சரி என்றால் மேல் மூடியைக் கழற்றுங்கள். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே பெட்ரோல் சளசளக்கிறதா? சளசளக்காவிட்டாலும் சூடான தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். மயிரிழை ஓட்டை இருந்தால் குமிழி வரும். ஈயம் வைத்து அடைக்கலாம், ஆனால் எடை கூடிவிடும். பித்தளை ஃப்ளோட்டின் எடை 26 கிராம். எடை கூடினால் மட்டமும் கூடும். நகைக்கடைத் தராசு ஒன்று பட்டறையில் இருப்பது வீண் செலவல்ல.

மட்டம் வைப்பது இப்படி. கேஸ்கெட் மூடியிலேயே ஒட்டியிருக்கட்டும். மூடியைச் செங்குத்தாகப் பிடியுங்கள், ஃப்ளோட் தானாகத் தொங்கட்டும். நீடிலின் நுனியில் ஸ்ப்ரிங்கோடு ஒரு பொடிக் குண்டு இருக்கும். ஃப்ளோட்டின் நாக்கு அதைத் தொட வேண்டும், அமுக்கக்கூடாது. அந்த நிலையில் கேஸ்கெட்டிலிருந்து ஃப்ளோட்டுக்கு 8.5 மி.மீ. ஒரு 8.5 ட்ரில் பிட்டின் தண்டை இடையில் நுழைத்துப் பார்த்தால் போதும். பிறகு மூடியை நேராகப் பிடித்து ஃப்ளோட்டை முழுதாக இறங்கவிட்டால் 15 மி.மீ. இந்த அளவுகள் பித்தளை ஃப்ளோட்டுக்கு மட்டும். பிளாஸ்டிக் ஃப்ளோட் வந்த பிற்கால மாடல்களுக்கு வேறு. மூடியைப் படுக்க வைத்து அளந்தால் ஃப்ளோட்டின் பாரம் அந்தக் குண்டை அமுக்கிவிடும், அளவு பொய்யாகிவிடும். நானே முதல் வருடம் அப்படித்தான் அளந்துகொண்டிருந்தேன்.

நீடில் சீட்டின் அளவு பொதுவாக 1.75. அது தளர்ந்திருந்தாலும் அடியில் உள்ள வாஷர் போயிருந்தாலும் மட்டம் எவ்வளவு சரியாக வைத்தாலும் வழியும்.

சொட்டாமல், ஆனால் ஓடி வந்து சூடாக நிறுத்திய பிறகு மட்டும் ஸ்டார்ட் ஆக மறுத்தால் அது வேறு கதை. எஞ்சின் அறைக்குள் காற்றோட்டமில்லை. சூட்டில் பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்திருக்கும். ஆக்சிலரேட்டரை அடித்து அடித்துப் பம்ப் செய்யாதீர்கள், இன்னும் ஊற்றும். மெதுவாக முழுதும் மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை அழுத்துங்கள்.

“ஐடிலிங் நிற்கவில்லை”

பந்தய கேம் போட்ட எஞ்சின் 800-இல் நின்று தாலாட்டுப் பாடாது. 1100, 1200 என்றால் திருப்தி அடையுங்கள்.

ஒரு சிலிண்டர் மட்டும் படுத்தால் பத்துக்கு எட்டுத் தடவை ஐடில் ஜெட்டில் அடைப்பு. 50 என்று எண் போட்ட ஜெட்டின் ஓட்டை அரை மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாத தூசு போதும். மேலே வட்ட மூடியை எடுத்தால் நான்கு பித்தளைத் தலைகள் தெரியும். இரண்டு மெயின், இரண்டு ஐடில். அந்தச் சிலிண்டரின் ஐடில் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ஊதுங்கள். மீன்பிடி நரம்பை விட்டு எடுக்கலாம். கம்பி மட்டும் வேண்டாம், குண்டூசி வேண்டவே வேண்டாம். பித்தளை மெத்தென்றது. கம்பி ஒரு தடவை போய் வந்தால் 50 ஜெட் 53 ஆகிவிடும். தலையில் எண் மட்டும் 50 என்றே இருக்கும். டப்பாவில் இருந்த ஜெட்டுகளை அளவு ஊசி விட்டுப் பார்த்தபோது இப்படிப் பொய் சொல்லும் ஜெட் ஏழு அகப்பட்டது.

ஜெட் சுத்தமாக இருந்தும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருப்பினால் எஞ்சினில் எந்த மாற்றமும் இல்லை என்றால் மூன்று காரணம் பாருங்கள். ஒன்று, த்ராட்டில் தட்டு அதிகம் திறந்திருக்கிறது. தட்டின் விளிம்பு ப்ரொக்ரெஷன் ஓட்டைகளைத் தாண்டிவிட்டால் பெட்ரோல் அங்கிருந்து வரும், ஸ்க்ரூ வெறும் அலங்காரம்தான். ஓட்டைகளின் மேல் ஒரு சின்னத் திருகு மூடி இருக்கிறது. அதைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்கலாம். ஐடிலில் தட்டு எல்லா ஓட்டைகளுக்கும் முன்னால் நிற்க வேண்டும். இரண்டாவது, ஸ்க்ரூவை யாரோ இறுக்கி அடைத்துக் கூர்முனையை நசுக்கியிருக்கிறார்கள். விரலால் தொடும் வரை மட்டும்தான் மூட வேண்டும். மூன்றாவது, ஸ்டார்ட்டர் வால்வு முழுதாக மூடவில்லை. அதைக் ‘கரும்புகை’ பகுதியில் சொல்கிறேன்.

இரண்டு துவாரத்தின் தட்டும் ஸ்பின்டில் என்ற ஒரே தண்டில் இருந்தும் காற்று ஒன்றில் கூட, ஒன்றில் குறைய இழுக்கிறது என்றால் ஸ்பின்டில் முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு முனையில் பலமான ரிட்டர்ன் ஸ்ப்ரிங், மறுமுனையில் லிங்கேஜ், நடுவில் பந்தய ஓட்டுநரின் கால். அறுபது வருடம் இழுத்தால் தண்டு திருகிக்கொள்ளத்தானே செய்யும். ஐடில் ஸ்க்ரூவை முழுதும் பின்வாங்கிவிட்டு, கழற்றிய கார்புரேட்டரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஒரு தட்டின் ஓரத்தில் வெளிச்சம் நிலாப்பிறை போல் தெரிந்து மற்றதில் தெரியாவிட்டால் அதுதான். பிற்கால டி.சி.ஓ.ஈ.க்களில் இதைச் சமன் செய்ய ஏர் ஸ்க்ரூ உண்டு. இந்தப் பழையவற்றில் இல்லை, புது ஸ்பின்டில்தான் வழி. தட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களின் நுனி விரிக்கப்பட்டிருக்கும். பலவந்தமாகத் திருகினால் உடையும். நுனியை அரத்தால் தேய்த்துவிட்டுக் கழற்றுங்கள். திரும்பப் போடும்போது புது ஸ்க்ரூ, மறுபடி நுனியை விரிக்க வேண்டும். அது கழன்றால் விழும் இடம் நேராக வால்வுக்குள்.

சமன் செய்ய காற்றோட்ட மீட்டர் நல்லது. மீட்டர் இல்லாத இடத்தில் ஒரு ரப்பர் ட்யூபின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ட்ரம்பெட்டின் வாயிலும் வைத்து நான்கின் ‘ஸ்ஸ்’ சத்தத்தையும் கேளுங்கள். பழகிய காது மீட்டருக்குச் சளைத்ததல்ல.

“மிதித்தால் இருமுகிறது, ட்ரம்பெட் வழியாகத் துப்புகிறது”

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். மெதுவாக மிதித்தாலும் இருமுகிறதா, சட்டென்று மிதித்தால் மட்டும் இருமுகிறதா?

மெதுவாகத் திறக்கும்போதும் 2000-க்கும் 3000-க்கும் இடையில் இருமினால் அது ப்ரொக்ரெஷன். அந்த நேரத்தில் எஞ்சினுக்குச் சோறு போடுவது ஐடில் ஜெட்தான், மெயின் ஜெட் இன்னும் வேலைக்கே வரவில்லை. பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. ‘லீனாக இருக்கிறது, பெட்ரோல் போதவில்லை, மெயினைப் பெரிதாக்கு’ என்று 120-ஐ எடுத்து 130 போடுவார்கள். இருமல் அப்படியே இருக்கும், மேல் வேகத்தில் கரும்புகைதான் புதிதாகச் சேரும். ஐடில் ஜெட்டை 45-லிருந்து 50, 50-லிருந்து 55 என்று ஒரு படி மட்டும் ஏற்றிப் பாருங்கள். ஜெட்டின் எண்ணுக்குப் பின்னால் வரும் ‘எஃப் 8’ போன்ற குறி அதன் காற்று ஓட்டையைச் சொல்வது. நான்கிலும் ஒரே குறி இருக்க வேண்டும்.

சட்டென்று மிதித்தால் மட்டும் துப்பினால் கார்புரேட்டருக்குள் இருக்கும் பம்ப். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, ட்ரம்பெட்டுக்குள் டார்ச் அடித்துக்கொண்டே த்ராட்டிலைத் தள்ளுங்கள். இரண்டு துவாரத்திலும் ஒரே நேரத்தில், தாமதமில்லாமல், நூல் பிடித்த மாதிரி ஒரு பீச்சு வர வேண்டும். ஒன்றில் மட்டும் ஒழுகினால் அந்தப் பம்ப் ஜெட் அடைத்திருக்கிறது அல்லது அதன் அடி வாஷர் போயிருக்கிறது. இரண்டிலும் ஒழுகினால் உள்ளே பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது ஃப்ளோட் அறையின் அடியில் இருக்கும் வால்வின் குண்டு பழைய பெட்ரோல் பிசினில் சிக்கியிருக்கலாம். அந்த வால்வில் பக்கவாட்டில் ஒரு ஓட்டை உண்டா என்றும் பாருங்கள். ஓட்டை இருந்தால் பம்ப் தள்ளுவதில் ஒரு பங்கு திரும்பவும் அறைக்கே போய்விடும். சில செட்டிங்கில் வேண்டுமென்றே அப்படி வைப்பார்கள். ஒரு கார்புரேட்டரில் ஓட்டையுள்ளது, மற்றதில் ஓட்டையில்லாதது என்று இருந்தால் யாரோ மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள்.

பார்த்து முடித்ததும் துவாரத்தில் தேங்கிய பெட்ரோலைத் துடைத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

“6000 பக்கம் மூச்சு முட்டுகிறது”

பிஸ்கட் டப்பாவின் கதைக்கு வருவோம்.

இந்த ஹெட்டில் இன்லெட் குழாய்கள் ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டவை. கார்புரேட்டர் அவற்றின் வாயில் நேராகப் போய் உட்காருகிறது. ஆனால் உலோகத்தோடு உலோகமாக அல்ல. நடுவில் ஓ-ரிங் பதித்த ஒரு தகடு. நட்டுக்கு அடியில் தாக்கரே வாஷர் என்று இரட்டைச் சுற்று ஸ்ப்ரிங் போன்ற வாஷர். மொத்தக் கார்புரேட்டரும் ரப்பர் மேல் லேசாக மிதக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கே உரிய பொடி அதிர்வு ஒன்று மேல் வேகத்தில் கிளம்பும். அது அப்படியே கார்புரேட்டருக்குள் போனால் ஃப்ளோட் அறையில் பெட்ரோல் நுரைக்கும். சோப்புத் தண்ணீரைக் குலுக்கினால் எப்படி இருக்கும், அப்படி. ஜெட்டுக்குள் பெட்ரோலுக்குப் பதில் நுரை போனால் எந்த எண் ஜெட் போட்டு என்ன பயன்?

நட்டைப் பார்த்த மெக்கானிக்குக் கை சும்மா இருக்காது. ‘லூஸாக இருக்கிறதே’ என்று இறுக்கிவிடுவார். இந்த வண்டியில் எட்டு நட்டும் உடும்புப் பிடியாக இருந்தன. தாக்கரே வாஷர் தட்டையாக நசுங்கிச் சாதாரண வாஷர் ஆகியிருந்தது. ஓ-ரிங்குகள் கல்லாகி, ஒன்று இரண்டாகப் பிளந்தும் இருந்தது. அதாவது ஒரே இடத்தில் இரண்டு நோய்: இறுக்கத்தால் நுரை, பிளவால் ஏர் லீக். அதனால்தான் ப்ளக்கைப் பார்த்தால் ஒருநாள் வெள்ளையாகவும் மறுநாள் கருப்பாகவும் இருந்திருக்கிறது. முன்பு பார்த்தவர் குழம்பிப்போனதில் ஆச்சரியமில்லை.

இந்த நோயின் அடையாளம் சொல்கிறேன். தடுமாற்றம் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும். அதற்குக் கீழும் சில சமயம் அதற்கு மேலும் வண்டி நன்றாக ஓடும். ஜெட் மாற்றினால் அது கொஞ்சம் நகரும், போகாது. சந்தேகம் வந்தால் எஞ்சின் நின்றிருக்கும்போது கார்புரேட்டரைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். லேசாக ஆட வேண்டும். ஆடாமல் பாறை மாதிரி இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

பூட்டும் முறை: புது ஓ-ரிங், அதுவும் விட்டான் ரப்பரில், எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது தாங்கும். புது தாக்கரே வாஷர். நைலாக் நட்டைச் சுற்றுக்குச் சுற்று மாற்றிச் சமமாக இறக்கி, வாஷரின் இரண்டு சுற்றுக்கும் இடையில் 1 மி.மீ. அளவு ஃபீலர் கேஜ் போய் வரும்போது நிறுத்திவிட வேண்டும். கை இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொல்லும். கேட்காதீர்கள். பிறகு ட்ரம்பெட் பக்கம் ஏர் பாக்ஸோ லிங்கேஜோ பெட்ரோல் குழாயோ கார்புரேட்டரைச் சட்டத்தோடு சேர்த்து விறைப்பாகப் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். இந்தப் பக்கம் மிதக்கவிட்டு அந்தப் பக்கம் கட்டிப்போட்டால் பயனில்லை.

ஏர் லீக்கைத் தேட ஸ்ப்ரே டப்பாவில் வரும் கிளீனரைச் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு வயிறு கலங்கும். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் போதும். ஐடிலில் ஓ-ரிங் தகட்டின் மேல் பனி மாதிரி தண்ணீர் அடித்தால், பிளவு உள்ள இடத்தில் எஞ்சினின் சுருதி ஒரு நொடி மாறும்.

“நேர்த் தடத்தில் நன்றாக ஓடுகிறது, நீண்ட வளைவில் அறுகிறது”

மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். நான்கு சிலிண்டரும் சேர்ந்து அறுந்தால் டேங்கில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கிறது. டேங்கை நிரப்பிவிட்டு அதே வளைவில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு ஜோடி மட்டும் அறுந்தால் அந்த உடம்பின் மட்டம் தாழ்ந்திருக்கிறது, அல்லது ஃப்ளோட் அறையின் சுவரில் உரசி நிற்கிறது. ஃப்ளோட்டின் பக்கவாட்டில் பளபளவென்று தேய்ந்த கோடு இருக்கிறதா பாருங்கள். பெட்ரோல் குழாய் சேரும் இடத்துக்கு அருகே ஒரு திருகு மூடிக்குள் மெல்லிய வலை ஃபில்டர் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அதையும் கழற்றி அலசுங்கள்.

“எப்போதும் கரும்புகை”

நான்கு ப்ளக்கும் கரி. ஃப்ளோட் மட்டம் சரி, அழுத்தம் சரி. அப்படியானால் ஸ்டார்ட்டர் வால்வு. டி.சி.ஓ.ஈ.இல் குளிர் ஸ்டார்ட்டுக்கு வெண்டூரியை, அதாவது காற்று போகும் குறுகலை, மூடும் தட்டு கிடையாது. தனியாக ஒரு குட்டிப் பெட்ரோல் வழி, அதை மூட ஸ்ப்ரிங் வைத்த பிஸ்டன். பந்தய வண்டியில் அதற்குக் கேபிளே இருக்காது. லீவரைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பார்கள். கம்பி தளர்ந்து லீவர் ஒரு மயிரிழை தூக்கினால்கூட அந்த வழி திறந்து ஊற்றிக்கொண்டே இருக்கும். லீவரை விரலால் அழுத்தி மூடிப் பாருங்கள், ஐடிலிங் தெளிந்தால் அதேதான்.

“எல்லாம் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று, அப்படியே இருக்கிறது”

பல வருடம் நின்ற வண்டியில் ஃப்ளோட் அறையின் அடியில் வெள்ளை மாவு மாதிரி படிந்திருக்கும். பெட்ரோலில் கலந்த தண்ணீர் உலோகத்தை அரித்த உப்பு அது. அதன் பொடி உள் துளைகளுக்குள் போயிருக்கும். தொழிற்சாலையில் துளை போட்டு முடித்ததும் வெளி வாயை ஈயக் குண்டு வைத்து அடைத்திருப்பார்கள். அதைத் துளைத்து எடுத்து, துளை முழுக்கச் சுத்தம் செய்து, புது ஈயம் வைத்து அடிக்க வேண்டும். இது சந்தையில் வாங்கிய ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் தீரும் வேலை அல்ல, முதல் தடவை செய்பவர் இத்தாலியின் பொலோனாவில் செய்த அசல் வெபர் உடம்பில் கை வைத்துப் பழகவும் வேண்டாம். ஏதாவது உடைந்த கார்புரேட்டரில் பழகுங்கள். மணல் பீச்சி பளபளப்பாக்கித் தரும் கடைகளிடமும் கொடுக்காதீர்கள். ஒரு மணல் துகள் உள்ளே தங்கினால் போதும்.

கடைசியாக, ஜெட்

மேலே உள்ள எல்லாம் சரியான பிறகும் கலவை தவறாக இருந்தால்தான் ஜெட். தொடங்க ஒரு பழைய வாய்பாடு உண்டு. சோக் என்று நாங்கள் சொல்லும் வெண்டூரியின் அளவை நான்கால் பெருக்கினால் மெயின் ஜெட். அதோடு 50 கூட்டினால் மேலே உள்ள ஏர் ஜெட். 32 சோக் என்றால் 128, அதாவது 125 அல்லது 130. ஏர் ஜெட் 180 பக்கம். இது வாசல்படிதான், முடிவல்ல. லோட்டஸின் ஹெட்டுக்கு இதைவிடச் சிறிய மெயின் பல முறை பொருந்திப்போகும். பெட்ரோலோடு காற்றைக் கலக்கும் எமல்ஷன் ட்யூப் எஃப் 11 என்று இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அதை மாற்ற ஆரம்பித்தவர் கரை சேர நாளாகும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், நான்கு துவாரத்திலும், நோட்டில் தேதியோடு.

இன்றைய பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கே 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் 10 சதம் வரை எத்தனால், நம் ஊரில் இப்போது 20. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட் கொஞ்சம் லீனாக ஓடும். 1960-களின் புத்தகத்தில் உள்ள எண்ணுக்கு ஒரு படி மேலே தேவைப்பட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோவில், எக்ஸாஸ்ட் புகையை வைத்துக் கலவையைச் சொல்லும் லாம்டா மீட்டர் மாட்டி, முழு த்ராட்டிலில் ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காற்று 12.5-க்கும் 13-க்கும் இடையில் நின்றால் எனக்குப் போதும்.

ஓ-ரிங்கும் வாஷரும் மாற்றிய பிறகு 23பி-யை ஏற்றினோம். 6000 வந்தது, போனது, 7000-இலும் குரல் மாறவில்லை. ஆனால் அப்போது உள்ளே இருந்தது 130. புகை கக்கியது. டப்பாவைக் கிளறி, பொய் சொல்லாத 120 நான்கு தேடி எடுத்துப் போட்டேன். வண்டியின் பழைய நோட்டைப் புரட்டினால், மூன்று வருடத்துக்கு முன்னால், முதல் மாற்றத்துக்கு முன் அதில் இருந்ததும் 120-தான்.

இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, ஆறியதும், எட்டு நட்டிலும் மறுபடி ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன். இரண்டு நட்டுகள் கால் சுற்று அளவு தளர்ந்திருந்தன. சரி செய்தேன். டப்பாவிலிருந்து நான்கு எடுத்து, நான்கு திரும்பப் போட்டாயிற்று. எண்ணிக்கை அதே 42. உரிமையாளர் வாங்கிக்கொண்டு போகும்போது டப்பாவையும் மறக்காமல் கேட்டார்.